என் கண்ணுக்கும் ஒரு குத்து

நோராவை அந்தக் கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான். வேறு யாராவது குத்திக்காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கக் கனடாவிலிருந்து வந்து இறங்கியவள், வீடு கிடைக்காமல் ஓட்டல் அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எங்கள் கட்டடத்தில் மொட்டைமாடி வீடு காலியாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

கெய்ரோவில் ஷுப்ரா பக்கம், அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பதினோரு வருடமாக நான் குடியிருந்தேன். ஸ்காட்லாந்துக்காரி என்று பாஸ்போர்ட் சொல்லும். தக்காளிக்காரனோடு நான் போடும் சண்டையைக் கேட்டவர்கள் பாஸ்போர்ட்டை நம்ப மாட்டார்கள். எதிர்வீட்டில் கட்டடத்தின் சொந்தக்காரி உம்மு ஷெரீஃப். ஷெரீஃபின் அம்மா என்றுதான் ஊரே அவளைக் கூப்பிடும். ஷெரீஃப் குவைத்தில் வேலையில் இருக்கிறான், அவன் மனைவி ஹனான் மாமியாரோடு இருக்கிறாள். உம்மு ஷெரீஃபின் புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் உம்மு ஷெரீஃப் சொல்வதுதான் சட்டம்.

வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு. ஜன்னலோர நாற்காலி என்னுடையது. என் அம்மா இறந்த பிறகு ஸ்காட்லாந்தில் நான் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு கிடையாது. அதனால் இந்த ஒரு வீட்டில் நான் வீட்டு ஆள் என்ற நினைப்பில்தான் என் பிழைப்பே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நினைப்பில்தான் நோரா வந்து கையை வைத்தாள்.

முதல் நாள் அவளை மாடிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். உம்மு ஷெரீஃப் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். உள்ளே முட்டைக்கோஸ் இலையில் சோறு வைத்துச் சுருட்டி வேகவைக்கும் வாசனை.

"உள்ள வாங்க கண்ணுங்களா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

இந்த ஊரில் இதை எல்லோரும் எல்லோரிடமும் சொல்வார்கள். டாக்சிக்காரன் கூலி வாங்கும்போது "இருக்கட்டும், விடுங்க" என்பான். அதை நம்பி இறங்கிப் போனால் பின்னாலேயே கத்திக்கொண்டு வருவான். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் மறுபடி கூப்பிட வேண்டும், நாம் மறுபடி மறுக்க வேண்டும். சத்தியம் செய்து கையைப் பிடித்து இழுத்தால்தான் உண்மையான அழைப்பு. இந்த நெளிவுசுளிவைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. எத்தனையோ வீட்டு வாசலில் பசியோடு "இப்பதான் சாப்பிட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நான் கையை நெஞ்சில் வைத்து, "உங்க கை நல்லாருக்கணும், இன்னொரு நாள் வர்றோம்" என்று அழகாக ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் நோரா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் காது சூடேறியது. ஐயோ, மானம் போச்சே என்று ஓடினேன். உம்மு ஷெரீஃப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஹனான், இன்னொரு தட்டு கொண்டு வாடி! இந்தப் பொண்ணுக்குப் பசிச்சா பசிக்குதுங்கறா. இந்த ஐல்சாவைப் பாரு, பதினோரு வருஷமா வேணாம் வேணாம்னே உயிரை வாங்கறா."

ஒழுங்கு தெரியாதவளுக்குத் தட்டு வந்தது. ஒழுங்கு தெரிந்தவளுக்கு ஏச்சு வந்தது. அன்றைக்கே அவளை மறுபடி ஓட்டலில் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும்.

"உன் பேரு என்ன கண்ணு?"

"நோரா."

"நோராவா! நம்ம பேருடி இது! என் சித்தி மக பேரு!"

அவள் பெயர்கூட எனக்கு எதிராகச் சதி செய்தது. என் பெயரை ரொட்டிக்கடையில் எல்சா என்பார்கள், மருந்துக்கடையில் அலிசா என்பார்கள். தபால்காரன் பெயரே சொல்லாமல் "அந்த மிஸ்" என்பான்.

அதற்குப் பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. நோராவுக்கு அரபியில் பத்து வார்த்தை தெரியும், அதில் ஆறு சாப்பாட்டுப் பெயர். மீதியைக் கையாலும் புருவத்தாலும் பேசினாள். பால்கனியிலிருந்து கயிற்றுக் கூடையை இறக்கி ரொட்டி வாங்க உம்மு ஷெரீஃப் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவள் மேலிருந்து கத்துகிற கத்தலில் தெருவே நின்று சிரித்தது, ரொட்டிக்காரன் ஒரு ரொட்டி சேர்த்துப் போட்டான். நான் எட்டூருக்குக் கேட்கும்படி சுத்தமான ஷுப்ரா அரபியில் கத்துவேன். எனக்கு எண்ணி எண்ணித்தான் போடுவான்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். என்னிடம் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். அவள் வகுப்பில் மேஜைமேல் ஏறி ஆடுவார்கள். தாய்மார்கள் வாசலில் நின்று "மிஸ் நோரா, மிஸ் நோரா" என்று அவள் கையில் கேக் டப்பாவைத் திணிப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் சம்பளத்துக்குத்தானே.

வெள்ளிக்கிழமைதான் தாங்க முடியவில்லை. மூன்றாவது வாரமே என் ஜன்னலோர நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, யாரும் எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை. நான் சமையலறைப் பக்கம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கீழே குடியிருக்கும் வாட்ச்மேன் மனைவி பதவிய்யா மாவுப் பையைக் கொடுக்க வந்தவள், என்னையும் ஸ்டூலையும் பார்த்தாள்.

"என்ன மிஸ், நாற்காலிக்கு வேற ஆள் வந்தாச்சா?"

"வாயை மூடிட்டுப் போ பதவிய்யா."

"நான் என்ன சொல்லிட்டேன்? ஸ்டூலும் நல்லாத்தான் இருக்கு."

அன்றைக்கு மொலோக்கியா கீரைக் குழம்பு. பூண்டையும் கொத்தமல்லியையும் நெய்யில் பொரித்துக் குழம்பில் கொட்டும் அந்த நொடியில், வீட்டுப் பெண் ஒருத்தி பேயைக் கண்டவள்போல "ஹ்ஹா" என்று மூச்சை இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் ருசி ஏறாது என்பார்கள். உம்மு ஷெரீஃப் இழுப்பாள், அவளுக்குச் சளி பிடித்தால் ஹனான் இழுப்பாள். நான் எத்தனையோ முறை அந்த அடுப்புக்குப் பக்கத்தில் பூண்டு நசுக்கிக் கொடுத்திருக்கிறேன். "நீ இழு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்பது மரியாதையில்லையே.

"நோரா, இங்க வா! நான் ஊத்தும்போது இப்படிப் பண்ணணும், பாரு!"

நோரா இழுத்தாள் பாருங்கள் ஒரு மூச்சு, மூன்றாம் மாடியில் குழந்தை விழித்து அழுதது. உம்மு ஷெரீஃப் அவள் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். குழம்பு அன்றைக்கு உண்மையிலேயே ருசியாக இருந்தது. அதில்தான் எனக்கு இன்னும் வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, குளியலறையில் தனியாக நின்று, "ஹ்ஹா" என்று நானும் இழுத்துப் பார்த்தேன். இருமல்தான் வந்தது. அப்போதுதான் அதை நினைத்தேன். இவளுக்கு ஒரு நாள் உடம்புக்கு ஏதாவது வரட்டும், பெரிதாக இல்லை, ஒரு வாரம் படுத்துக் கிடக்கட்டும் என்று. மனசார நினைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நோரா வகுப்பில் மயங்கி விழுந்தாள். அனல் பறக்கும் காய்ச்சல். டாக்டர் பார்த்துவிட்டு வைரஸ்தான், தானாக இறங்கும் என்றார். பள்ளி வேனில் அவளை நான்தான் ஏற்றிக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் அவள் தலை என் தோளில் சாய்ந்து கொதித்தது. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தோடு சேர்ந்து, அவள் தலைமுடி எவ்வளவு அடர்த்தி என்ற எரிச்சலும் இருந்தது.

மொட்டைமாடிக்கு ஏற்றப் போனபோது உம்மு ஷெரீஃப் படிக்கட்டில் குறுக்கே நின்றாள்.

"மேல எங்க கொண்டு போறீங்க? அங்க யார் பாத்துக்குவா? என் கட்டில்ல போடுங்க."

எனக்கு ஒருமுறை நிமோனியா வந்தது. அப்போது பருப்பு சூப் ஹனான் கையில் என் கதவுக்கு வந்தது, தினம் இருவேளை வந்தது, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வந்தது சூப். அந்தக் கட்டில் இல்லை. "இங்க வந்து படுத்துக்கறியா" என்று அப்போதும் ஒரு வார்த்தை கேட்டாள்தான். நான் வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டாள், மறுபடி வேண்டாம் என்றேன். கையைப் பிடித்து இழுப்பாள் என்று காத்திருந்தேன். இழுக்கவில்லை.

இரண்டு நாளாகியும் நோராவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்தால், உம்மு ஷெரீஃப் வீட்டில் பெண்கள் கூட்டம். கட்டிலில் நோரா அரைத் தூக்கத்தில் கிடந்தாள். கீழே தரையில் உம்மு ஷெரீஃப், அவள் தங்கை சுஹைர், ஹனான், பதவிய்யா எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மண்சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் சாம்பிராணியும் படிகாரமும்.

"டாக்டருக்கு என்ன தெரியும்? இது கண்ணு" என்றாள் உம்மு ஷெரீஃப். "கல்லைப் பிளக்கிற கண்ணு யாரோ வெச்சிருக்காங்க."

நான் கதவோரமாகவே நின்றேன். 

உம்மு ஷெரீஃப் ஒரு காகிதத்தை மடித்துக் கத்தரியால் வெட்டினாள். தலையும் கையும் காலும் விரிந்து ஒரு பொம்மை வந்தது. அங்கியின் கழுத்தோரத்தில் செருகியிருந்த ஊசியை எடுத்தாள். யார் யார் கண் பட்டிருக்கும் என்று பேர் சொல்லிச் சொல்லிப் பொம்மையைக் குத்த வேண்டும். யார் பெற்ற பிள்ளை என்று தாய் பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம் பொம்மையை எரித்தால், பட்ட கண்ணும் சேர்ந்து எரிந்துபோகும்.

"பஹிய்யா பெத்த சுஹைரோட கண்ணுல!" முதல் குத்து.

"என்னையா அக்கா? உடன்பிறந்தவளையா?"

"உன்னைத்தான்டி முதல்ல. இவ முடியைப் பாத்து 'குதிரை வால் மாதிரி'ன்னு சொன்னது யாரு? கடவுள் பேரைச் சேக்காம புகழ்ந்தே, கண்ணு படாதா? அதே பஹிய்யா பெத்த என் கண்ணுலயும்!" என்று தன் பேருக்கும் ஒன்று குத்திக்கொண்டாள். "கரீமா பெத்த ஹனானோட கண்ணுல!"

"குத்துங்க அத்தை, நல்லாக் குத்துங்க. இவ எவ்வளவு தின்னாலும் இடுப்பு ஏறமாட்டேங்குதே, பாக்கறப்பல்லாம் எரியுது" என்றாள் ஹனான். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஸைனப் பெத்த பதவிய்யாவோட கண்ணுல!"

"நான் அவ செருப்பைத்தான் பாத்தேன். சத்தியமா செருப்பை மட்டும்தான்."

ரொட்டிக்காரனுக்கு ஒன்று, மருந்துக்கடைக்காரனுக்கு ஒன்று, மூன்றாம் மாடிக்காரிக்கு ஒன்று, உம்மு ஷெரீஃபின் செத்துப்போன மாமியாருக்கும் ஒன்று. "அந்தக் கிழவி கண்ணு மண்ணுக்குள்ள இருந்துகூடப் படும்." ஒவ்வொரு குத்துக்கும் சிரிப்பும் சண்டையுமாக இருந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பேர் விட்டுப்போனவள் ஒருத்திதான், அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

என் முறைக்காக நின்றேன். குத்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தேன். உம்மு ஷெரீஃப் ஊசியை மறுபடி அங்கியின் கழுத்தோரத்தில் செருகினாள்.

"ஹனான், படிகாரத்தைப் போடு."

"முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிடுச்சு. ஏன் அங்கயே நிக்கறே? வா, உக்காரு."

"ஒரு ஆளை விட்டுட்டீங்க."

"யாரு? மெட்ரோ ஸ்டேஷன்ல ஜூஸ் விக்கறவனா?"

"என்னை."

 சுஹைர் கெக்கெக்கே என்று சிரித்தாள். உம்மு ஷெரீஃபும் சிரித்தாள், பாசமாகத்தான் சிரித்தாள்.

"நீயா? போடி பைத்தியம். நீ வெளிநாட்டுக்காரி, உன் கண்ணு என்ன பண்ணும்? இதெல்லாம் எங்களுக்குள்ள நடக்கறது."

எங்களுக்குள்ள. செத்த மாமியார் உண்டு, ரொட்டிக்காரன் உண்டு, நோராவைப் பார்க்கவே பார்க்காத மூன்றாம் மாடிக்காரி உண்டு. நான் இல்லை. பதினோரு வருடம் பூண்டு நசுக்கியிருக்கிறேன், வேண்டாம் வேண்டாம் என்று மரியாதையாக நின்றிருக்கிறேன். பொறாமைப்படக்கூட எனக்கு அந்த வீட்டில் உரிமை இல்லை.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். தக்காளிக்காரனிடம்கூட அப்படிக் கத்தியதில்லை.

"என் கண்ணு என்ன பண்ணுமா? இந்தக் கட்டடத்துலயே என் கண்ணுதான் பொல்லாத கண்ணு! இவ வந்த நாள்லருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கலை. என் நாற்காலியில உக்காந்தா, ஒருத்தராவது 'அது ஐல்சாவோடது'ன்னு சொன்னீங்களா? அவ மூணாவது வாரம் மொலோக்கியாவுக்கு மூச்சு இழுக்கறா. நான் குளியலறையில நின்னு தனியா இழுத்துப் பாத்தேன், தெரியுமா உங்களுக்கு? அவளுக்கு உடம்புக்கு வரட்டும்னு நினைச்சேன். நான்தான் நினைச்சேன், மனசாரத்தான் நினைச்சேன்! சுஹைர் குதிரை வால்னுதான் சொன்னா. நான் அந்த முடி கொத்துக் கொத்தாக் கொட்டட்டும்னு நினைச்சேன்!"

ஹனான் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பதவிய்யா முணுமுணுவென்று கடவுள் பேரைச் சொல்லிக்கொண்டே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கட்டிலில் நோரா கண்ணைப் பாதி திறந்து, ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

உம்மு ஷெரீஃப் மட்டும் அசையவில்லை. அவள் என்னை அதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை. விருந்தாளியைப் பார்க்கிற அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை.

"இன்னும் இருக்கா?" என்றாள்.

"இருக்கு. எனக்கு நிமோனியா வந்தப்ப ஏன் கையைப் பிடிச்சு இழுக்கலை?"

"நீ வேணாம்னியே."

"வேணாம்னுதானே சொல்லணும்!"

 அவள் மெதுவாக அங்கியின் கழுத்தோரத்திலிருந்து ஊசியை மறுபடி வெளியே எடுத்தாள்.

"உங்க அம்மா பேரு என்ன?"

"எதுக்கு?"

"எதுக்காம்! யார் பெத்த ஐல்சான்னு சொல்லாம எப்படிடி குத்தறது? குத்து வேற யார் மேலயாவது போயிடும்ல."

 இந்த ஊரில் இத்தனை காலத்தில் சம்பளம் எவ்வளவு, புருஷன் எங்கே, ஏன் பிள்ளை இல்லை என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். அம்மா பேரை யாரும் கேட்டதில்லை.

"மார்கரெட்."

"மர்க... மர்கரீத். நல்ல பேரு. உயிரோட இருக்காங்களா?"

"இல்லை."

"கடவுள் அவங்களை நல்லா வெச்சிருக்கட்டும். வா, பக்கத்துல வா. பொம்மையில இடமே இல்லை, எல்லா இடத்துலயும் குத்தியாச்சு. உனக்கு மூஞ்சிதான் மிச்சம்."

நான் போய் அவள் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தேன். "மர்கரீத் பெத்த ஐல்சாவோட கண்ணுல!" என்று ஒரு குத்து. "மர்கரீத் பெத்த ஐல்சாவோட இன்னொரு கண்ணுல!" என்று இன்னொரு குத்து. சுஹைருக்குக்கூட ஒன்றுதான் கிடைத்தது. எனக்கு இரண்டு. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழாதடி, கரி அணைஞ்சிடப் போகுது" என்றபடி பொம்மையைக் கரியில் போட்டாள். படிகாரம் படபடவென்று வெடித்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா! இவ பேரைச் சொன்னதும்தான் வெடிக்குது. ஆத்தாடி, என்னா கண்ணு!"

மறுநாள் காலை நோராவுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. டாக்டரும் அதைத்தான் சொல்லியிருந்தார், ஆனால் டாக்டரை யார் கேட்டார்கள்? என் கண் பொல்லாத கண் என்ற செய்தி எனக்கு முன்னால் படியிறங்கிப் போயிருந்தது. நான் ரொட்டி வாங்கக் கீழே போனபோது மூன்றாம் மாடிக்காரி எதிரே வந்தாள். என்னைக் கண்டதும் சடக்கென்று குழந்தையின் முகத்தைத் துண்டால் மூடினாள். நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

மதியம் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். நோரா போர்வையைச் சுற்றிக்கொண்டு, வெளுத்துப்போய், இன்னும் அழகாகத்தான் இருந்தாள். எனக்கு இன்னும் எரிந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. உம்மு ஷெரீஃப் வாத்துக்கறிப் பாத்திரத்தைத் திறந்தாள். நோரா தட்டை நீட்டினாள். கரண்டி அவளைத் தாண்டி வந்தது. வாத்தின் முழுத் தொடையும் என் தட்டில் விழுந்தது.

நான் பழக்கதோஷத்தில், "ஐயோ, எனக்கு வேண்டாம், முதல்ல" என்று ஆரம்பித்தேன்.

"வாயை மூடிட்டுத் தின்னுடி. முதல்ல நீ வயிறு நிறையத் தின்னு, அப்புறம் அவ தட்டைப் பாரு. இன்னொரு பொம்மை வெட்ட எனக்குத் தெம்பு இல்லை."

மேஜையே வெடித்துச் சிரித்தது. சுஹைர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஹனான் என் முதுகில் ஒரு அடி போட்டாள். நோராவும் சேர்ந்து சிரித்தாள், எதற்கென்று தெரியாமல். பிறகு என் பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் கேட்டாள்.

"என்ன சொல்றாங்க? ஏன் எல்லாரும் சிரிக்கறாங்க? எனக்கும் சொல்லுங்களேன்."

எப்போதும் நான்தான் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்வேன். நான் தொடைக்கறியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"ஒன்னுமில்லை நோரா" என்றேன். "எங்க வீட்டு விஷயம்."